கொடி

பின்வீட்டு மாடியிலிருந்து ஒரு குரல்:
"உங்க கொல்லையில சாரை ஓடுது சார்,
சீக்கிரம் வெட்டிடுங்க."
வாடகை தராமல் ஒருவர் எங்களோடு குடியிருப்பது
அன்றைக்குத்தான் தெரியும்.

இரண்டு வருடம்
அவருக்கு இரவு வேலை, எனக்குப் பகல்.
மீட்டர் பெட்டிக்குள் சாவியை வைத்து
மாற்றி மாற்றித் தூங்கிய வீட்டில்
முழுநேரமும் விழித்திருந்தது
கொல்லை ஒன்றுதான்.

கீழ்க்கட்டளையில் தை மாத ஞாயிறு.
மழை விட்டு ஒரு மாதம், மண் இன்னும் இளக்கம்.
இருவருக்கும் ஒரே நாளில் விடுமுறை.
கதிரேசன் பாம்புக்குப் பயந்து
ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்தார்.
"பாம்பு தலையிலயா கொத்தும்?"
"நீ கையை வீசுற வீச்சுக்கு
எங்க வேணா வரும் அருவா."

அவர் தண்ணீர்த்தொட்டிப் பக்கத்திலிருந்து,
நான் துவைக்கிற கல் பக்கத்திலிருந்து.
கல் எங்கே என்று தேடவே
அரைமணி நேரம்.
நாயுருவி அவர் லுங்கியெங்கும் ஒட்டிக்கொண்டு
அவரோடு வீட்டுக்குள் வரப் பார்த்தது.
நான் பிடுங்கிய மூக்கிரட்டை
பாதியில் அறுந்து
"மீதி கீழே இருக்கேன்" என்றது.
ஆமணக்கை விடச் சொன்னார்.
எதற்கென்று கேட்டேன்.
"சும்மா, நிழலா இருக்குல்ல."
பகலில் தூங்குகிறவருக்கு
நிழல்மேல் என்ன அக்கறையோ.
விட்டேன்.

பதினோரு மணிக்குத்தான் பார்த்தேன்:
கோவைக்கொடி ஒன்று
சுவரிலிருந்து சுவருக்கு
அந்தரத்தில் நடந்து போயிருந்தது.
எதைப் பிடித்துப் போயிருக்கும்?
இழுத்தேன். வரவில்லை.
இலையை விலக்கினால் நீல நைலான் கயிறு,
எங்கள் துணிக்கொடி.
மொட்டைமாடியில் புதிது கட்டியபின்
இதை மறந்தது மட்டுமல்ல,
மறந்ததையும் மறந்திருந்தோம்.

அதில்,
துருப்பிடித்த இரண்டு கிளிப்புகளோடு
அவருடைய கட்டம்போட்ட சட்டை.
வெயில் பட்ட தோள் வெளுத்து,
பாக்கெட்டில் நத்தை ஓடு,
கொடி ஒரு கைக்குள் நுழைந்து
விரல் வரவேண்டிய இடத்தில்
பழுத்துத் தொங்கியது
ஒரு கோவைப்பழம்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

முனிரத்தினத்துக்குப் போட்ட துணியில்
இந்தச் சட்டை வரவில்லை என்று
தெருமுனை இஸ்திரி வண்டியில் நின்று
முந்நூற்றைம்பது ரூபாய் பிடித்துக்கொண்டோம்.
"எங்கிட்ட வரவே இல்லம்மா" என்றார்,
ஒருமுறைதான்.
அப்புறம் நாங்கள்
அந்தப் பக்கமாகப் போவதை விட்டு
பள்ளிக்கூடத் தெருவைச் சுற்றிப் போகப் பழகினோம்.

"எண்ணித்தான் குடுத்தேன்னு சொன்னியே."
"பணத்தைப் பிடிச்சது யாரு?"
இதற்குமேல் இருவருக்கும் வசனமில்லை.
தேவைக்கு மேல் வேகமாக
கோரையைப் பிடுங்கினோம்.
பிடுங்கினால் கிழங்கு,
கிழங்குக்குக் கீழே இன்னொரு கிழங்கு.

சாரை கடைசிவரை வரவில்லை.
ஆமணக்கடியில் சட்டையை உரித்துப் போட்டுவிட்டு
எங்கேயோ போயிருந்தது,
அதற்குத் தொலைத்த கணக்கில்லை.

குப்பை வண்டி நாளைக்கு இந்தக் குவியலை
எடுக்குமோ எடுக்காதோ.
பாதிக் கொல்லை இன்னும் பச்சையாக இருக்கும்போதே
குளித்தோம்.
மஞ்சள் பையில் சட்டை.
எத்தனையோ மாதம் கழித்து
இருவரும் ஒன்றாக இறங்கிய தெரு.

தூங்குமூஞ்சி மரத்தடியில்
கரி ஊதிக்கொண்டிருந்தார்.
என்ன சொல்வதென்று
வழியெல்லாம் பிரித்து வைத்திருந்தோம்,
முதல் பாதி நான், இரண்டாம் பாதி அவர்.
முதல் பாதி எனக்கு வரவில்லை.

பையை வாங்கி,
பிரித்து,
காலரை ஒருதரம் திருப்பிப் பார்த்தார்.
நத்தை ஓட்டை எடுத்து
பலகை ஓரத்தில் வைத்தார்.
எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.
நோட்டில் பின்னோக்கிப் புரட்டினார்,
நிறையப் பக்கம்.
நாங்கள் வீட்டு நம்பரைச் சொல்வதற்குள்
எங்கள் பக்கம் வந்துவிட்டது.